நூற்றெண்பது அடி

செத்துக் கிடந்தவன் மூச்சு விட்டான்.

அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். படம் வெட்டிப் பார்க்கும் மூவியோலா இயந்திரம் ஒரு முறை விக்கிவிட்டு நின்றது. கைச்சக்கரத்தைப் பிடித்து ஃபிலிமை மெல்லப் பின்னால் நகர்த்தினாள். தபால் அட்டை அளவுக் கண்ணாடிக்குள் சீருடை போட்ட ஒரு ஆள் மல்லாந்து கிடந்தான். முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்தால் போதும். பிணத்துக்கு உயிர் வரும்போது முதலில் அசைவது அதுதான். இந்த ஆளுக்கு விழுந்த முப்பத்தோராவது ஃப்ரேமிலேயே பொத்தான் ஏறிவிட்டது. இயக்குநர் கேட்டிருப்பது மூன்று விநாடி, அதாவது எழுபத்திரண்டு ஃப்ரேம். மீதி நாற்பத்திரண்டுக்கு அவள் எங்கே போவாள்? மூச்சை அடக்கத் தெரியாதவனையெல்லாம் சாக விடுகிறார்கள் என்று அலுத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷமாக இந்த அறையில் அவள் பார்த்துவரும் வேலைகளில் ஒன்று, செத்தவர்கள் எழுந்திருப்பதற்குள் வெட்டிவிடுவது.

அந்த வேலையைச் சுலபமாக்கித் தந்தவர் ஒருவர் இருந்தார். அவள் கணவர். படத்தில் சாவதுதான் அவருக்குப் பிழைப்பு. கதாநாயகனின் நண்பனாக வந்து சாவார், காவல்காரனாக வந்து சாவார், வில்லனின் அடியாளாக வந்து மாடிப்படியில் உருண்டு சாவார். எந்தப் படத்திலும் இடைவேளையைத் தாண்டி இருந்ததில்லை. அதனால் ஸ்டூடியோவில் அவருக்குப் பெயரே இடைவேளை என்று ஆகிவிட்டது. கேன்டீனில் யாராவது, "அண்ணே, அந்தப் படத்துல கடைசியில அவங்க ரெண்டு பேரும் சேர்ந்தாங்களா இல்லையா?" என்று கேட்டால், "எனக்கெப்படிப்பா தெரியும்? நான்தான் பாதியிலேயே போயிட்டேனே" என்பார். நூறு தடவை சொன்ன பதில்தான். நூறு தடவையும் சிரிப்பார்கள்.

முதன்முதலாக அவர் இந்த அறைக்கு வந்தபோது வாசல் நிலையில் சாய்ந்து நின்று, "நல்லா செத்திருக்கேனா?" என்று கேட்டார். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மூச்சு தெரியுது" என்றாள். பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி அவர் முகம் போன போக்கைக் கண்ணாடியில் பார்த்தபிறகுதான் பாவமாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலேயே பழக ஆரம்பித்தார். சமையலறைத் தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டு, அவளுடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை நெஞ்சின் மேல் வைத்துக்கொள்வார். கூடு ஆடக் கூடாது. அவள் காய் நறுக்கியபடி எண்ணுவாள். "போதும், எழுந்திருங்க" என்று அவள் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டார். ஒரு நாள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்ப் பேச்சில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்தால் மனிதர் அப்படியே கிடக்கிறார், கூடு நெஞ்சில். "பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்தினாள். "நீ சொல்லலையே" என்றார்.

ஸ்டூடியோவிலும் அப்படித்தான். இயக்குநர் 'கட்' சொல்லாமல் கண்ணைத் திறக்க மாட்டார். ஆனால் 'கட்' சொன்ன பிறகும் கேமரா ஓடி நிற்க ஒரு விநாடி, இரண்டு விநாடி ஆகும். அந்தச் சிறு நேரம் அவருக்கும் அவளுக்கும் மட்டும் சொந்தமானது. இடது கையை ஊன்றி, ஒரு முட்டியை மடித்து எழுந்து, பின்பக்கத்துத் தூசியைத் தட்டிக்கொண்டே கேமராவைப் பார்த்து வாயசைப்பார். அது அவளுக்கு. அவள்தானே அதைப் பார்க்கப் போகிறாள். 'சாப்பிட்டியா' என்பார். 'தலைவலி விட்டுச்சா' என்பார். காலையில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் உதட்டைப் பிதுக்கிக் காதைப் பிடித்துக்கொள்வார். சத்தம் இருக்காது, உதடு மட்டும். அவள் தனியாகச் சிரித்துக்கொண்டு, பென்சிலால் கோடு போட்டு, பிணம் கிடக்கும் வரைக்கும் வைத்துக்கொண்டு, எழுந்திருப்பவரை வெட்டி, கழிவு ஃபிலிம் போடும் துணித்தொட்டியில் போட்டுவிடுவாள். நாளைக்கும் ஒன்று வரும். எடுத்து வைக்க வேண்டும் என்று எவளுக்குத் தோன்றும்?

போர் தொடங்கிய வருஷம் முப்பது வயதுவரை உள்ளவர்களைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் வருஷம் அது நாற்பத்தைந்து ஆனது. அவருக்கு நாற்பத்தொன்று. பெயர் பதியும் இடத்தில், "என்ன தொழில்?" என்று கேட்ட குமாஸ்தாவிடம், "சாகறதுங்க" என்றாராம். வரிசையே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து அதை அவளிடம் நடித்துக் காட்டினார். அவளும் சிரித்துத் தொலைத்தாள். ஸ்டூடியோவின் பெரிய கதாநாயகனும் ராணுவத்துக்குப் போனார். தையற்காரரை வரவழைத்து அளவெடுத்த சீருடையில் ஊர் ஊராய் மேடை ஏறிக் கையசைத்தார். இடைவேளைக்கும், நகைச்சுவை நடிகர் அரை டிக்கெட்டுக்கும் யாரும் அளவெடுக்கவில்லை. அரை டிக்கெட் ஒரு மேஜை உயரம்தான். அந்த வருஷம் உயரம் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றி, ஒரே படைப்பிரிவில் சேர்த்து, போர்முனையில் ஒரு வாய்க்கால் கரையில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

பதினொரு மாதத்துக்கு முன்னால் கடிதம் வந்தது. குண்டு பட்ட உடனேயே உயிர் பிரிந்துவிட்டதென்றும், அவர் எந்த வேதனையையும் உணரவில்லை என்றும், அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாள் எழுந்து, குளித்து, பஸ் ஏறி, வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். வெட்டு எப்படி விழும் என்று அவளுக்குத் தெரியும். இந்த ஃப்ரேமில் இருப்பவர் அடுத்த ஃப்ரேமில் இல்லை. நடுவில் ஒன்றுமில்லை. அப்படித்தான் போயிருக்கிறார்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். யாரும் வரும் நேரமில்லை.

"அண்ணி, நான்தான்."

அரை டிக்கெட் நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். போர் முடிந்து நாலு மாதமாக ஊரில்தான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள். நடிக்கக் கூப்பிட்டால் வருவதில்லை, ஆள் மாறிப்போய்விட்டான் என்று பேசிக்கொண்டார்கள். காது இரண்டும் அதே மாதிரி விரிந்துதான் இருந்தன. புருவமும் அதே மாதிரி கேள்விக்குறியாய் நெற்றியில் ஏறி நின்றது. கடவுள் சிரிப்பதற்காகவே செய்த முகம் என்று அவள் கணவர் சொல்வார்.

"உட்காருங்க தம்பி. இத்தனை நாள் ஏன் வரல?"

"மூணு தடவை உங்க தெரு வரைக்கும் வந்தேன் அண்ணி. முதல் தடவை முனைக்கடைக்காரர் என்னப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். திரும்பிட்டேன். அடுத்த தடவை பள்ளிக்கூடம் விட்ட நேரம். இப்ப கேட்டுலகூட வாட்ச்மேன், 'யாரைப் பாக்கணும்'னான். இடைவேளை அண்ணன் சம்சாரத்தன்னு சொன்னேன். சிரிக்கிறான். நான் ஒண்ணுமே பண்ணல அண்ணி. சும்மா நின்னேன்."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். கால் தரையில் எட்டவில்லை. தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"லெட்டர்ல என்ன எழுதியிருந்துச்சு?"

"குண்டு பட்டதும் போயிட்டார்னு."

"அதை யார் எழுதினதுன்னு தெரியுமா?"

"ஆபீசர் கையெழுத்துப் போட்டிருந்தார்."

"போட்டது அவர். எழுதினது நான். எழுத்து நல்லா இருக்கும்னு எல்லா லெட்டரையும் என்னைத்தான் எழுதச் சொல்வாங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் எழுதுவேன், 'உடனே பிரிந்தது'ன்னு. சில பேருக்கு நிஜமா அப்படி ஆயிருக்கும்."

அவள் கையிலிருந்த கத்திரியை மேஜையில் வைத்தாள்.

"அவருக்கு?"

"அவருக்கு ஆகல அண்ணி."

சொல்வதற்கு அவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். வாய்க்கால் கரையில் பல நாட்கள் ஒன்றுமே நடக்காது. எதிரி எங்கோ இருப்பான், இவர்கள் இங்கே இருப்பார்கள், நடுவில் சேறு இருக்கும். பொழுது போகாமல் ஆட்கள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிடுவார்கள். அப்போதுதான் அண்ணனைச் சாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். மாடிப்படிச் சாவு வேண்டும், விஷச் சாவு வேண்டும், கதாநாயகியின் மடியில் கிடந்து பாதி வசனத்தில் சாகும் சாவு வேண்டும் என்று கேட்பார்கள். யார் கேட்டாலும் செத்துக் காட்டுவார். டீக்கு வரிசையில் நிற்கும்போது யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் 'ஆ' என்று கூடச் சொல்லாமல் சரிவார். புதிதாக வந்தவர்கள் பதறி ஓடுவார்கள். பழையவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கடைசியில் அரை டிக்கெட் இயக்குநர் மாதிரி இடுப்பில் கைவைத்து 'கட்' என்று கத்த வேண்டும். அப்போதுதான் எழுந்திருப்பார்.

"அன்னைக்கும் டீ வரிசைதான். காலைல எட்டு மணி இருக்கும். எனக்கு முன்னாடி அவர். தகரக் குவளையை நீட்டிக்கிட்டிருந்தார். சத்தம் எதுவும் கேக்கல. எங்கேருந்தோ, ரொம்பத் தூரத்துலேருந்து ஒருத்தன் சுட்டிருக்கான். அண்ணன் அப்படியே சரிஞ்சார். குவளை ஒரு பக்கம் உருண்டு போச்சு. எல்லாரும் சிரிச்சோம்."

அவள் கத்திரியை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

"இன்னைக்குக் குவளையெல்லாம் போடுறாரு, பிரமாதம்னு ஒருத்தன் கைதட்டினான். நான் இடுப்புல கைய வச்சிக்கிட்டு, 'கட்!'னேன்."

சொல்லும்போது அவருடைய கை தானாக இடுப்புக்குப் போனது. புருவம் ஏறியது. காது ஆடியது. அவளுடைய உதட்டோரம் இழுத்துக்கொண்டதை அவள் உணர்ந்தாள். அவரும் பார்த்துவிட்டார். கையை இறக்கித் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டார்.

"பரவாயில்ல அண்ணி. இந்த மூஞ்சி அப்படி."

"மேல சொல்லுங்க."

"எழுந்திருக்கல. இன்னும் ஒரு தடவை 'கட்'னேன். இன்னும் சிரிச்சாங்க. கண்ணத் தெறந்து என்னையே பாத்தார். கட் சொன்னா கண்ணத் தெறப்பார் இல்லையா, அதான்னு நெனச்சேன். வாயசைச்சார். என்னமோ சொன்னார், சத்தம் வரல. நான் பக்கத்துல போய்க் குனிஞ்சு, 'ஓவர் ஆக்டிங் அண்ணே, தயாரிப்பாளர் திட்டுவாரு'ன்னேன்."

"எந்தப் பக்கமா விழுந்தார்?"

"வலப்பக்கம்."

மாடிப்படிப் படத்தில் வலது தோள்பட்டை இறங்கிப்போனதிலிருந்து அவர் வலப்பக்கம் விழுந்ததே இல்லை. படுக்கையில்கூட அந்தப் பக்கம் புரள மாட்டார். பத்து வருஷத்துச் சாவு முழுவதும் இடப்பக்கம்தான். அவளாக இருந்தால் ஒரே ஃப்ரேமில் தெரிந்திருக்கும்.

"எனக்கும் தெரியும் அண்ணி" என்றார் அவர், அவள் கேட்காமலேயே. "அந்தப் படத்துல நானும் இருந்தேன். தோள் இறங்கினப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான். தெரிஞ்சும், புதுசா ஏதோ பண்ணிப் பாக்கறார்னு நெனச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"அண்ணி…"

"எவ்வளவு நேரம் சிரிச்சீங்க?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும். கீழ சேறு நிறம் மாறினத டீ ஊத்தறவர்தான் முதல்ல பாத்தார்."

இரண்டு நிமிஷம். அவளுடைய மனசு கேட்காமலே கணக்குப் போட்டது. நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி. நூற்றெண்பது அடி ஃபிலிம். இந்த அறையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் பதினைந்து தடவை கட்டி இழுக்கலாம். எந்த இயக்குநரும் ஒரு சாவுக்கு இவ்வளவு கொடுத்ததில்லை. ஐந்தடிக்கு மேல் போனாலே தியேட்டரில் பீடி பற்ற வைக்க எழுந்து போய்விடுவார்கள் என்பார்கள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"தொடையில பட்டிருந்துச்சு. பெரிய ரத்தக்குழாயாம்."

"அதில்ல. என்ன சொன்னார்?"

"பிழைச்சிருப்பார்னு சொல்லல அண்ணி. யாராவது ஒருத்தர் அமுக்கிப் பிடிச்சிருக்கலாமேன்னார். பதினாலு பேர் நின்னோம்."

கேன்டீன் பக்கமிருந்து பாத்திரம் கழுவும் சத்தம் வந்தது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தோ, அறைவாள் என்று எதிர்பார்த்தோ அரை டிக்கெட் தலையைக் குனிந்தபடி இருந்தார். அவளுக்கு இரண்டும் வரவில்லை. அந்தக் கடிதத்தின் இரண்டு வரி மட்டும் போய்விட்டது. பல் விழுந்த இடத்தை நாக்குத் தேடுவதுபோல மனசு அங்கேயே போய்ப் போய் வந்தது. வாயசைத்தாராம். சத்தம் இல்லாமல். அதைப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான் உலகத்தில் உண்டு. அவள் அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"உதடு எப்படிப் போச்சு? பண்ணிக் காட்டுங்க."

அவர் முயன்று பார்த்தார். வாயைக் குவித்தார், அகட்டினார், மறுபடி குவித்தார். அந்த முகத்தில் எதைச் செய்தாலும் கோமாளித்தனமாகத்தான் வந்தது. "முடியல அண்ணி" என்று விட்டுவிட்டார். பிறகு வந்த காரியத்தைச் சொன்னார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அவர் எழுந்திருக்கறத ஒரே ஒரு தடவை பாக்கணும். கண்ண மூடினா கிடக்கறதுதான் வருது. கட் சொன்னதும் எழுந்து தூசியத் தட்டிக்கிட்டு உங்களப் பாத்துப் பேசுவாரே, அந்தத் துண்டு ஏதாவது இருக்குமா? நான் 'கட்' சொன்னா எழுந்திருச்சார்னு ஒரு தடவை பாத்துட்டாப் போதும்."

அவள் மூலையிலிருந்த துணித்தொட்டியைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். அதில் இந்த வாரத்துக் கழிவுதான் கிடந்தது.

"இல்ல தம்பி."

"இருபது வருஷத்துல ஒண்ணுகூடவா?"

"போர் ஆரம்பிச்ச ரெண்டாம் வருஷம், கழிவு ஃபிலிமையெல்லாம் ராணுவத்துக்குக் கொடுக்கணும்னு உத்தரவு வந்தது. கழுவி அதுல இருக்கற வெள்ளிய எடுப்பாங்களாம். கிடங்குல கட்டிப் போட்டிருந்த மூட்டையெல்லாம் வண்டியில ஏத்தினாங்க. அதுக்கப்புறம் சேர்ந்ததும் மாசாமாசம் அங்கேதான் போச்சு. நான்தான் கூட நின்னு ஏத்திவிட்டேன். அவரும் வந்து ஒரு கை பிடிச்சார்." "'நான் செத்தது எல்லாத்தையும் வச்சிக்கிட்டு, எழுந்ததையெல்லாம் பட்டாளத்துக்குக் கொடுக்கறே'ன்னு கிண்டல் பண்ணினார்."

இருந்தாலும் தேடினார்கள். ஒட்டு வைக்கும்போது ஓரிரண்டு ஃப்ரேம் தவறிப்போய் உள்ளே நின்றிருக்கலாம் என்று அவளுக்கே ஒரு நப்பாசை. அலமாரியிலிருந்து டப்பாக்களை இறக்கினாள். அவர் தூக்க முடியாமல் தூக்கி மேஜையில் வைத்தார். காவல்காரச் சாவை ஏற்றினாள். விழுந்தார், கிடந்தார், வெட்டு. அடுத்து வருவது கதாநாயகனின் கலங்கிய முகம். விஷச் சாவை ஏற்றினாள். விழுந்தார், கிடந்தார், கதாநாயகனின் முகம். மாடிப்படிச் சாவு, மடியில் செத்த சாவு, குதிரையிலிருந்து விழுந்த சாவு. ஒவ்வொன்றிலும் வெட்டுக்கு முந்தைய கடைசி ஃப்ரேமில் நிறுத்தி, பூதக்கண்ணாடியை வைத்து இரண்டாவது பொத்தானைப் பார்த்தாள். எங்கேயும் பொத்தான் அசையவில்லை. இமை அசையவில்லை. விரல் அசையவில்லை. அவள் வேலையில் ஒரு குறை வைத்ததில்லை.

"பின்னாடி ஓட்டுங்க அண்ணி" என்றார் அரை டிக்கெட். "பின்னாடி ஓட்டினா எழுந்திருப்பார்ல?"

காவல்காரச் சாவை மறுபடி ஏற்றி, விசையை மாற்றி மிதித்தாள். கிடந்தவர் கழுத்தைப் பிடித்துத் தூக்கியதுபோல வெடுக்கென்று மேலே பறந்தார். கையை ஊன்றவில்லை. முட்டியை மடிக்கவில்லை. முகத்தில் அந்த வலி போட்டதுபோட்டபடி இருக்க, குண்டடி படுவதற்கு முந்தைய இடத்துக்குக் காலைப் பின்னால் வைத்து நடந்து போனார். அது அவர் இல்லை. அவர் உடம்பைப் போட்டுக்கொண்டு வேறு எதுவோ நடந்தது. அரை டிக்கெட் "வேணாம், வேணாம்" என்பதற்குள் அவளே நிறுத்திவிட்டாள். விளக்கையும் அணைத்தாள்.

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். போக எழுந்தவரை அவள் கூப்பிட்டாள்.

"தம்பி, எப்படிக் கிடந்தார்னு காட்டிட்டுப் போங்க."

"எதுக்கு அண்ணி அதெல்லாம்?"

"நான் பாக்கணும். நீங்க பதினாலு பேர் பாத்தீங்க இல்ல?"

அவர் தொப்பியைக் கழற்றி முக்காலியில் வைத்துவிட்டு, டப்பாக்களை ஒதுக்கி, தரையில் முட்டி போட்டு, வலப்பக்கமாகச் சரிந்து படுத்தார். வலது கையை உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டார். ஒரு காலை மடக்கினார். கன்னம் தரையைத் தொட்டது. குவளை இருந்த இடத்தைக் காட்டுவதுபோல இடது விரலைக் கொஞ்சம் விரித்தார். முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார், பிறகு பார்வையை அப்படியே நிறுத்தினார். இப்போது அந்தக் காதும் புருவமும் யாரையும் சிரிக்க வைக்கும்படி இல்லை.

நாற்காலியிலிருந்து இறங்கி அவள் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கண் பழக்கத்தில் சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குப் போனது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அண்ணனிடம் கற்றுக்கொண்டதாக இருக்கும். அவள் சொல்லட்டும் என்று காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. 'போதும், எழுந்திருங்க.' இரண்டே வார்த்தை. வீட்டுச் சமையலறையில் ஆயிரம் தடவை சொன்னதுதான். தொண்டைவரை வந்தது. சொன்னால் எழுந்துவிடுவார், இடது கையை ஊன்றி, ஒரு முட்டியை மடித்து, பின்பக்கத்துத் தூசியைத் தட்டிக்கொண்டு, வேறு யாரோ ஒருவர்.

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணோரம் நீர் கட்டி, மூக்கின் மேலாக வழிந்து, தரைத் தூசியில் சொட்டியது. பொத்தான் அசையவில்லை. எழுபத்திரண்டு ஃப்ரேம் எப்போதோ தாண்டிவிட்டது. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.